மூன்றாவது படத்தில் என் மனைவி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த அடுத்த வாரம், தூத்துக்குடியில் கடலோரமாக இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் மகளுக்கு அன்று காலை மாதா கோயிலில் கல்யாணம். மதியம் மண்டபத்தில் வரவேற்பும் விருந்தும்.

நான் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். எந்தக் கப்பல் எத்தனை மணிக்குக் கரையைத் தொட்டது, எந்தக் கன்டெய்னர் எத்தனை மணிக்கு கேட்டைத் தாண்டியது என்று நிமிஷம் பிசகாமல் எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

என் மனைவி ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அவளுக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது. யாராவது போனைத் தூக்கினால் முகத்தை இறுக்கிக்கொள்வாள். எடுத்து முடித்ததும் போனை வாங்கிப் பார்த்து, "இது வேண்டாம், அழிச்சிருங்க" என்பாள். அடுத்ததையும் அழிக்கச் சொல்வாள். கல்யாண ஆல்பத்தையும் அரசாங்க அடையாள அட்டைகளையும் விட்டால் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற படம் வீட்டில் ஐந்தாறுகூடத் தேறாது.

மண்டபத்தின் ஒரு மூலையில் பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மரப் பெட்டி நின்றது. பக்கவாட்டில் கறுப்புத் திரை. உள்ளே ஒரு வட்ட ஸ்டூல், எதிரே கேமராவை மறைத்த ஒரு கண்ணாடி, அதன் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டு ரயில் நிலையங்களில் இருந்த போட்டோ பெட்டியைப் போலவே செய்தது என்று மணப்பெண் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பொத்தானை அமுக்கினால் மூன்று நொடிக்கு ஒன்றாக நான்கு படம் எடுக்கும். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் உள்ள துவாரத்தின் வழியாக முக்கால் சாண் நீள அட்டை விழும். அதில் நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அடியில் மணமக்கள் பெயரும் தேதியும் நேரமும்.

பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் கையிலும் நல்ல நல்ல போன் இருக்கிறது. நூறு படம் எடுத்து, பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இதில் நாலே நாலு. திருத்தவும் முடியாது. அப்படியிருந்தும் மேடைக்கு முன்னால் இருந்ததைவிட இங்கேதான் வரிசை நீளமாக இருந்தது. ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒருவர், துறைமுக வட்டாரத்தில் யாரிடமும் சிரித்துப் பேசாதவர், மனைவியோடு உள்ளே போனார். வெளியே வந்து அட்டையை எடுத்துப் பார்த்தவர் சட்டென்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி விடாமல் பிடுங்கி எங்களுக்குக் காட்டினார். கடைசிப் படத்தில் மனுஷர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். திரையை இழுத்துவிட்டு, எதிரில் கேமராக்காரர் யாரும் இல்லையென்றால் நம் முகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது போலிருக்கிறது.

என் நண்பர் வந்து தோளில் தட்டினார்.

"ஏலே, சாப்பாடு எங்கயும் போயிராது. மதினியைக் கூட்டிக்கிட்டு அந்தப் பொட்டிக்குள்ள போயிட்டு வா. வந்தவங்க எல்லார் படமும் ஆல்பத்துல இருக்கணும்னு என் மவ சொல்லுதா."

என் மனைவி வழக்கம்போல, "எனக்கு வேண்டாங்க, நீங்க மட்டும் போங்க" என்றாள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதைக் கேட்டுச் சிரித்தார். நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெட்டியிலிருந்து இரண்டு அட்டைகள் விழும். ஒன்றை விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு மற்றதை மணப்பெண்ணின் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உள்ள யாரும் கிடையாது. திரையை இழுத்துட்டீங்கன்னா உங்களை யாரும் பாக்க மாட்டாங்க. சும்மா போயிட்டு வாங்க," என்றார்.

அந்த வார்த்தைக்குத்தான் அவள் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன்.

உள்ளே ஒருவர் உட்காரக்கூடிய ஸ்டூலில் இரண்டு பேர். தோளும் தோளும் நெருக்கியது. முதல் வெளிச்சம் அடித்தபோது இருவரும் ரேஷன் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தோம்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க," என்றாள்.

"இன்னும் தள்ளுனா பலகையை உடைச்சுக்கிட்டு வெளியதான் போவணும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது வெளிச்சம். பிறகு மூன்றாவது, நான்காவது. நான் கண்ணாடியைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது பெட்டியின் படியில் அவள் கால் தடுக்கியது. கையைப் பிடித்துக்கொண்டேன். என்னவோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. மேடையில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அட்டை விழுந்ததும் என் நண்பரின் தங்கை அதை எட்டி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "மதினி, என்ன இப்படி வாயைக் கோணி வச்சிருக்கீங்க! உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாத்தா என்ன ஆவும்?"

நானும் பார்த்தேன். மூன்றாவது படத்திலும் நான்காவது படத்திலும் அவள் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஐஸ் ஃபேக்டரிக்காரர் நாக்கை நீட்டினார், இவள் வாயைக் கோணினாள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். "ஏளா, உனக்கு இந்தச் சேட்டையெல்லாம் வேற தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் ஒரு பக்கம்தான் இருந்தது என்பது பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது. அப்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தோம். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நான் நாலு எட்டு முன்னால் போனேன். பின்னாலிருந்து, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று குரல் கேட்டது. அந்தப் போட்டோ பெட்டிப் பெண். ஆல்பத்தைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு, விரலெல்லாம் பசையோடு, வேகமாக வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் நில்லுங்க. அக்காவைக் கொஞ்சம் பாருங்க."

எனக்குப் பசி. மறுபடி எடுக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "படம் நல்லாத்தான் வந்திருக்கும்மா. எங்களுக்கு இது போதும். நீங்க போய் வேலையைப் பாருங்க," என்றேன். அதைச் சொன்ன குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆபீஸில் வேலை முடிந்த பிறகும் நிற்கும் ஆட்களிடம் பேசுகிற குரல் அது.

அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. என் மனைவி முன்னால் போய் நின்றார்.

"படத்துக்குச் சொல்லல அண்ணாச்சி. அக்கா, எனக்காக ஒரு தடவை சிரிங்க. நல்லா, பல்லுத் தெரிய."

அவள் சிரித்தாள். இடது பக்கம் மட்டும் சிரித்தது. வலது பக்கம் அப்படியே தொங்கியது.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க."

இடது கை வந்தது. வலது கை இடுப்பு உயரம்வரை வந்து, தன் பாட்டுக்குக் கீழே இறங்கியது. அது தன்னுடைய கைதான் என்பதே தெரியாததுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை குழைந்து வந்தது.

ஆட்கள் கூடிவிட்டார்கள். வெறும் வயிற்றில் நின்றிருப்பாள், பித்த மயக்கமாக இருக்கும் என்றார் ஒருவர். கண் பட்டிருக்கிறது என்றார் இன்னொருவர். நண்பரின் தங்கை சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கையால் தடுத்தார்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க. விழுங்க முடியாம மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். இது பக்கவாதம். ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இப்பவே போவணும்."

நான் அப்போது சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "வீட்டுல கொஞ்சம் படுக்க வச்சுப் பாப்போம். சாயங்காலம் எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்," என்றேன். என் மனைவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்புவது எனக்கு அந்த நேரத்தில் எளிதாக இருந்தது.

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தார். "அண்ணாச்சி, எங்க கொழுந்தனாரை இப்படித்தான் வீட்டுல படுக்க வச்சுப் பாத்தோம். படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. நீங்க கெளம்புங்க."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. நண்பரின் தம்பி காரை எடுத்தார். வழியில் உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. ஹாரனை அடித்துக்கொண்டே எதிர்ப்பக்கமாக ஏறிப் போனார். பின் சீட்டில் அவள் தலை என் தோளில் கிடந்தது. அவளுடைய வலது கையை என் மடியில் எடுத்து வைத்தேன். ஈரத் துணியைப்போலக் கனத்தது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். பிரஷர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள் என்றேன். அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே அதை நிறுத்தியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

"ஸ்கேன் பாத்தாச்சு. ரத்தக் கசிவு இல்ல. அடைப்புதான். ரத்தக் கட்டைக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். தாண்டிட்டா மூளையில ரத்தம் கசியிற அபாயம் அதிகம். அதனால சரியா சொல்லுங்க. கடைசியா அவங்க நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?"

மண்டபத்தில் என்றேன். அப்புறம், காலையில் எழுந்ததிலிருந்தே தலை பாரமாக இருக்கிறது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ஆறு மணிக்குக் காப்பி ஆற்றும்போது டம்ளரைக் கைதவறிப் போட்டதும் ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது.

"எந்தக் கையில இருந்து விழுந்தது? காலையில கோயிலுக்குப் போகும்போது கை கால் நல்லா இருந்துச்சா? பேச்சு?"

கோயிலில் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பேசினாளா, எந்தக் கையால் முந்தானையைச் சரிசெய்தாள், எதுவும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக முன்பின் தெரியாத கப்பல்களின் நேரத்தை எழுதி வைத்தவன், அவள் கையில் எப்போது பலம் போனது என்பதைக் கவனித்திருக்கவில்லை. காலை ஆறு மணிக்கே ஆரம்பித்திருந்தால் நேரம் கடந்துவிட்டது, ஊசி போட முடியாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

நண்பரின் தம்பிதான் கேட்டார். "அண்ணாச்சி, அந்தப் போட்டோ எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் படத்தில் அவள் முகம் இறுக்கமாக, ஆனால் நேராக இருந்தது. இரண்டாவதில் வாய் நிறையச் சிரிப்பு. சிரிப்பை மறைப்பதற்காக வலது கையைக் கன்னம்வரை தூக்கியிருந்தாள். மூன்றாவதில் கை இல்லை. கீழே விழுந்திருந்தது. சிரிப்பு பாதியாகியிருந்தது. நான்காவதில் தலையும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அடியில் நேரம், பன்னிரண்டு நாற்பத்தேழு.

"ரெண்டாவது படத்துல வலது கை தூக்கியிருக்காங்க. சிரிப்பும் நேரா இருக்கு. மூணாவதுல இல்ல. அப்போ காலையில ஆரம்பிக்கல, இங்கதான்," என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிதான் ஆகியிருந்தது. அந்த மெஷினில் நேரம் சரியாக இருக்குமா என்று கேட்டார். மண்டபத்துக்குப் போன் செய்து விசாரித்தோம். அந்தப் பெண் மெஷினில் ஓடும் நேரத்தைப் பார்த்துச் சொன்னார். எங்கள் போனில் இருந்த அதே நிமிஷம். டாக்டர் அட்டையைத் தன் பைலில் வைத்துக்கொண்டு, ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்று விளக்கி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்.

ஊசி போட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்வதற்குள் அவள் வலது கைவிரல்கள் அசைந்தன என்று நர்ஸ் வந்து சொன்னார். பேச்சுதான் தாமதமாக வந்தது. முதலில் வந்தவை எண்கள். இரண்டாம் நாள் காலை அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். என் பெயர் அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. கணக்கு டீச்சர் இல்லையா என்று டாக்டர் சிரித்தார்.

நான்கு மாதத்தில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கரும்பலகையில் எழுதும்போது கை சீக்கிரம் களைத்துவிடுகிறது. அவசரமாகப் பேசினால் ஒன்றிரண்டு வார்த்தை தடுக்குகிறது. மற்றபடி வேறு குறை இல்லை. மாத்திரையை இப்போது விடுவதில்லை.

கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள். நண்பரிடம் கேட்டு இடத்தைத் தெரிந்துகொண்டோம். கடைத்தெருவில் மாடியில் ஒரு சிறிய ஸ்டுடியோ. படி ஏற அவளுக்கு நேரம் பிடித்தது. நான் பின்னாலேயே ஏறினேன்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என் மனைவியின் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். மண்டபத்தில் நான் பேசிய விதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எங்க அண்ணாச்சி ஞாபகம் இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"பதினஞ்சு வருஷமா கப்பலுக்குப் போறவங்களுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கேன். தலை சாயக் கூடாது, ரெண்டு கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கணும். அதைப் பாத்துப் பாத்தே கண்ணு பழகிட்டு. அன்னைக்கு ஆல்பத்துல ஒட்டும்போதுதான் பாத்தேன். வேணும்னு வாயைக் கோணுறவங்களுக்குக் கண்ணும் புருவமும் சேந்துல்லா கோணும்? அக்காவுக்குக் கண்ணு ரெண்டும் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாய் மட்டும் ஒரு பக்கம் தூங்கிட்டு இருந்துச்சு." ஒரு ஸ்டூலை இழுத்து என் மனைவியை உட்கார வைத்தார். "நானும் மொத தடவை பாத்துட்டு சிரிக்கத்தான் செஞ்சேன்."

ஆஸ்பத்திரியில் பைலோடு திருப்பிக் கொடுத்த அந்த அட்டையை என் மனைவி கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதுவரை நான் அதை அவளுக்குக் காட்டவே இல்லை. அவளே பைலுக்குள் தேடி எடுத்திருக்கிறாள். இரண்டாவது படத்தை மட்டும் பெரிதாக்கி பிரேம் போட்டுத் தரட்டுமா, மற்றவை வேண்டாமே என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

என் மனைவி யோசித்தாள். வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"ரெண்டாவதுல நான் நல்லா இருக்கேன். இவ்வளவு நல்லா நான் எந்தப் படத்துலயும் இருந்ததில்ல. ஆனா வெட்ட வேண்டாம். நாலும் சேந்தே இருக்கட்டும். நாலும் நான்தான்."

யாரோ போனில் எடுத்திருந்தால் மூன்றாவதையும் நான்காவதையும் அவளே அழிக்கச் சொல்லியிருப்பாள். அழித்தும் இருப்போம். அந்தப் பெட்டி யாரையும் கேட்காமல் நான்கையும் தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டது. அவள் உயிரோடு பேசிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு அட்டையை என் பக்கம் திருப்பினாள். அவளுடைய முகத்தைத்தான் காட்டுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அவள் விரல் என் முகத்தின்மேல் இருந்தது.

"ஏங்க, பாத்தீங்களா? நாலுலயும் நீங்க ஒரே மாதிரி சிரிக்கீங்க," என்றாள். குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவது போலத்தான் சொன்னாள்.

அந்தப் பெண் ஏதோ கவர் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார். நான் அப்போதுதான் என்னைப் பார்த்தேன். நான்கு படத்திலும் கண்ணாடியைப் பார்த்து, பல்லெல்லாம் தெரிய, மாறாத ஒரே சிரிப்பு. என் தோளில் உரசிக்கொண்டிருந்தவளின் கை விழுகிறது, வாய் இறங்குகிறது, தலை சாய்கிறது. என் கண் ஒரு படத்தில்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூன்றாவது படத்துக்கும் நான்காவது படத்துக்கும் நடுவில் இருந்த மூன்று நொடிகள்தான் கண்ணில் படுகின்றன. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அது தாராளமாகப் போதும்.